பல்ஸ் கணக்கு சரியாக இருந்தும் ஸ்லைடு தள்ளிப்போகிறது: உதவி தேவை

வணக்கம். ரெண்டு நாளா இதோடவே மல்லாடிட்டு இருக்கேன்.

நேமா 23 ஸ்டெப்பர் மோட்டார் (ஒவ்வொரு பல்ஸுக்கும், அதாவது மின் துடிப்புக்கும், ஒரு சின்ன அளவு திரும்பும்), 5 மி.மீ. லீட் பால் ஸ்க்ரூ (ஒரு சுற்றுக்கு ஸ்லைடு 5 மி.மீ. நகரும்). டிரைவர்ல 8 மைக்ரோஸ்டெப் (மோட்டாரோட ஒரு முழு ஸ்டெப்புக்கு 8 பல்ஸ்), அதாவது ஒரு சுற்றுக்கு 1600 பல்ஸ். பிஎல்சி (மெஷினை ஓட்டுற கன்ட்ரோலர்) டிரான்சிஸ்டர் அவுட்புட், 24 வோல்ட். பல்ஸ் அதிவேக அவுட்புட்ல இருந்தும், டைரக்‌ஷன் சாதாரண அவுட்புட்ல இருந்தும் போகுது. ரெண்டு லைன்லயும் 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கு.

32000 பல்ஸ் முன்னால, 32000 பின்னால. பிஎல்சில கவுண்ட் பூஜ்ஜியத்துக்கு வந்துடுது. ஆனா 100 தடவை போய் வந்தா, ஸ்லைடு ஹோமுக்கு (கிளம்பின இடத்துக்கு) 0.6 மி.மீ. முன்னாலயே நின்னுடுது. எப்பவும் முன்பக்கம் மட்டும்தான். எங்க தேடறது?

பதில் 1
பெரும்பாலும் ஸ்டெப் மிஸ் ஆகுது. வேகத்தைக் குறைச்சு, ஆக்ஸலரேஷன் நேரத்தைக் கூட்டிப் பாருங்க. டிரைவர் கரண்ட் செட்டிங்கையும் பாருங்க. கப்ளிங் ஸ்க்ரூ லூஸா இருந்தாலும் இப்படி வரும்.

கேட்டவர்
வேகத்தைப் பாதியாக்கிட்டேன், ராம்ப் (வேகம் ஏறுற நேரம்) 500 மில்லிசெகண்ட் வச்சேன், கரண்டும் கூட்டினேன். அதே 0.6 தான் சார். கப்ளிங்லயும் ஷாஃப்ட்லயும் மார்க்கர் கோடு போட்டு ஓட்டினேன், கோடு விலகல.

பதில் 2
வேகத்தை மாத்தியும் பிழை மாறலன்னா அது டார்க் (மோட்டாரோட திருப்பு விசை) பிரச்சினை இல்ல. உங்க எண்களே காரணத்தைச் சொல்லுது.

ஒரு பல்ஸுக்கு 5/1600 = 0.003125 மி.மீ. 100 தடவைக்கு 0.6ன்னா ஒரு தடவைக்கு சுமார் 0.006. அதாவது கிட்டத்தட்ட 2 பல்ஸ். மோட்டார் லோடு தாங்காம நழுவினா 4 முழு ஸ்டெப்பின் மடங்காத்தான் நழுவும். உங்க ஸ்க்ரூல அது 0.1 மி.மீ. தாவல், அதுவும் ஒரு தடவை வரும், ஒரு தடவை வராது. ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரே சீரா 2 பல்ஸ் அளவு விலகாது.

2 பல்ஸ் ஏன்னா, ஒரு பல்ஸ் தப்பான திசையில போனா வித்தியாசம் ரெண்டாத்தான் தெரியும். பின்னால போக வேண்டிய முதல் பல்ஸ் முன்னால போகுது. பல பிஎல்சிகள்ல பல்ஸ் கட்டளை ஓடின உடனே பல்ஸ் கிளம்பிடும், சாதாரண அவுட்புட் ஸ்கேன் (புரோகிராமை ஒரு தடவை முழுசா ஓட்டுறது) முடிவுலதான் மாறும். டைரக்‌ஷன் மாறுறதுக்கு முன்னாடியே முதல் பல்ஸ் போயிடுது. ரெண்டு திசையிலயும் இப்படி நடந்தா பிழை ஒன்னை ஒன்னு அடிச்சுக்கும், உங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் நடக்குது. திரும்புற புரோகிராம் ஸ்டெப்ல டைரக்‌ஷனை எங்க மாத்துறீங்க?

கேட்டவர்
சரியா பிடிச்சீங்க சார். முன்னால போறப்ப கிளாம்ப் ஸ்டெப்லயே டைரக்‌ஷன் ஆன் ஆகி, 1 செகண்ட் கழிச்சுத்தான் பல்ஸ் ஆரம்பிக்குது. திரும்புறப்ப டைரக்‌ஷன் ஆஃபும் பல்ஸ் கட்டளையும் ஒரே ஸ்டெப்ல இருக்கு.

பதில் 2
அதுதான். நடுவுல தனி ஸ்டெப் போட்டு, டைரக்‌ஷனை மாத்திட்டு 20 மில்லிசெகண்ட் டைமர் முடிஞ்சதும் பல்ஸை விடுங்க. டிரைவருக்கு சில மைக்ரோசெகண்டே போதும். ஆனா ஸ்கேன் நேரத்தையும், டிரைவர் உள்ளீட்டுல இருக்கிற ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியா கடத்துற பாகம்) ஆஃப் ஆகுறது ஆன் ஆகுறதை விட மெதுவா நடக்கும்கிறதையும் சேர்த்துத்தான் இந்த 20.

பதில் 3
இதோட ஒன்னு: கடைசி பல்ஸ் முடிஞ்சதுன்னு கன்ஃபர்ம் ஆன பிறகே டைரக்‌ஷனை மாத்துங்க. சோதனைக்காக மோட்டார் வயரை மாத்துறதா இருந்தா, டிரைவர் பவரை ஆஃப் பண்ணிட்டுத்தான் தொடணும். ஓடிட்டு இருக்கப்ப கழட்டினா டிரைவர் போயிடும்.

கேட்டவர்
டைமர் போட்டு 500 தடவை ஓட்டிட்டேன். டயல் கேஜ் முள் கிளம்பின கோட்டுலயே நிக்குது. ரொம்ப நன்றி சார். பிழையை ஒரு சைக்கிளுக்கு வகுத்துப் பார்க்கணும்னு எனக்குத் தோணவே இல்ல.