ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் பிஎஃப்: நகராட்சி பில்லில் கணக்கு எங்கே இடிக்கிறது?

கும்பகோணம், கணக்குப் பிரிவு:

நிரந்தரப் பணியாளருக்குச் சிக்கல் குறைவு. 1.4.2003 அன்றோ அதற்குப் பின்போ சேர்ந்தவர் என்றால் சிபிஎஸ் (பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்): அடிப்படைச் சம்பளத்தோடு டிஏ-வைக் (அகவிலைப்படியை) கூட்டி 10% பிடித்தம், அதே அளவு நிர்வாகப் பங்கு. டிஏ அரியர் (நிலுவை) போடும்போது அதற்கும் 10% பிடிக்க விட்டுவிடாதீர்கள்.

ஒப்பந்த ஆட்களின் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கணக்குதான் பெரும்பாடு. தினக்கூலி 500, 26 நாள், ஆக 13,000 என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளி பங்கு 12%, அதாவது 1,560. நிர்வாகப் பங்கும் 1,560தான், ஆனால் அது இரண்டாகப் பிரியும். முதலில் 8.33% போட்டு முழு ரூபாயாக்குங்கள்: 1,083. அது ஓய்வூதிய நிதிக்கு. 1,560-ல் மிச்சம் 477 பிஎஃப் கணக்குக்கு. 3.67%-ஐத் தனியாகப் பெருக்கினால் சில தொகைகளில் ஒரு ரூபாய் உதைக்கும். இதற்கு மேல் காப்பீடு 0.5%, நிர்வாகக் கட்டணம் 0.5%, தலா 65. ஆக நிர்வாகத்தின் செலவு மொத்தம் 1,690. இதில் ஒரு பைசாவைக்கூடக் கூலியில் கழிக்கக் கூடாது.

மன்னார்குடி, சம்பளப் பட்டியல் போடுபவர்:

சார் சொன்னதோடு ஒன்று. சம்பளம் 15,000-ஐத் தாண்டினாலும் ஓய்வூதியப் பங்கு 1,250-க்கு மேல் போகாது. 58 வயது முடிந்தவருக்கு 8.33% பிரிக்கவே கூடாது, 12% முழுவதும் பிஎஃப்-க்கே.

மயிலாடுதுறை, பில் சரிபார்ப்பவர்:

பிஎஃப் கட்டிய சலானை மட்டும் பார்த்து ஒப்பந்ததாரர் பில்லை பாஸ் பண்ணாதீங்க. அதில் மொத்தத் தொகைதான் இருக்கும். ஈசிஆர் பட்டியலை (ஆள்வாரியாகச் சம்பளமும் பங்கும் காட்டும் மாதக் கணக்கு) வருகைப் பதிவேட்டோடு வரிக்கு வரி வைத்துப் பாருங்கள். 26 நாள் குப்பை அள்ளியவருக்கு 13 நாள் காட்டி, 6,500-க்கு மட்டும் கட்டியிருந்தால், சலானோடு பட்டியல் கச்சிதமாகப் பொருந்தும். பதிவேட்டில்தான் குட்டு உடையும். பாதிப் பங்கு பறிபோவது அந்தத் தொழிலாளிக்கு.

கடைமுகம், மகாமகம் திருவிழாக்களுக்குத் தற்காலிகமாக எடுக்கும் ஆட்களுக்கும் முதல் நாளிலிருந்தே பிஎஃப் உண்டு. ஒப்பந்ததாரர் கட்டாவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் நகராட்சிதான் கட்டியாக வேண்டும், பிறகு அவர் பில்லில் பிடித்துக்கொள்ளலாம். அடுத்த மாதம் 15-ம் தேதி தாண்டினால் ஆண்டுக்கு 12% வட்டி, அதற்கு மேல் அபராதம்.

தஞ்சாவூர், தொழிலாளர் சங்கம்:

எங்களுக்கு வருகிற மனுக்களில் யுஏஎன் (ஒருவருக்கு ஒன்றே இருக்க வேண்டிய பிஎஃப் உறுப்பினர் எண்) சிக்கல்தான் அதிகம். ஒப்பந்ததாரர் மாறும்போது புது எண் போட்டுவிடுகிறார்கள். 5 வருஷம் ஓர் எண்ணில், 5 வருஷம் இன்னோர் எண்ணில் கிடந்தால், இரண்டையும் இணைக்காதவரை மாத ஓய்வூதியத்துக்கு வேண்டிய 10 வருஷம் கணக்கில் வராது. இணைத்தால், கடைசி 60 மாதச் சராசரி 13,000 என்றால், பத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்து மாதம் சுமார் 1,857. பழைய ஒப்பந்ததாரர் விலகிய தேதியைப் போடாமல் போனாலும், கடைசிப் பங்கு கட்டி 2 மாதம் ஆனபின் தொழிலாளியே பிஎஃப் உறுப்பினர் இணையதளத்தில் அதைப் பதிந்துகொள்ளலாம்.