காசநோய் வந்த வீடுகளில் நீங்கள் பார்த்தது என்ன?

விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் காசநோய்க் களப்பணியில் இருக்கிறேன். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் நோயாளியின் தட்டும் டம்ளரும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிடுவேன். பெரும்பாலும் திண்ணை ஓரத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருப்பார்கள்.

போன மழைக்காலத்தில் செங்கல் சூளையில் வேலை பார்க்கும் ஒரு தம்பிக்கு டிபி. அவர் மனைவி கைப்பிள்ளையோடு அம்மா வீட்டுக்குக் கிளம்பி நின்றார். மாமியார், "ஆறு மாசமும் ஆஸ்பத்திரியிலேயே வெச்சுக்க மாட்டீங்களா நர்ஸம்மா?" என்று கேட்டார். கல்நெஞ்சம் இல்லை, பயம்.

அவரிடம் மெட்ராஸ் ஆய்வைப் பற்றிச் சொன்னேன். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கியது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனையில், சேர்த்தார்கள். மற்றவர்களுக்கு அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலேயே மருந்து. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. வீட்டில் இரண்டும் குறைவு. அப்படியும் ஓராண்டு மருந்து முடிந்தபோது குணமானவர்களின் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் அதிகம் வரவில்லை. 1959இல் முடிவு வெளிவந்தது. பல நாடுகள் வீட்டுச் சிகிச்சைக்கு மாற இது பெரிய காரணம். நம் ஊர் ஏழைக் குடும்பங்கள் உலகத்துக்குக் கொடுத்த சாட்சி இது என்றே நினைக்கிறேன்.

"தட்டுல ஒட்டாதும்மா, இருமுற காத்துல பரவுது. மாத்திரை ஒழுங்கா போட்டா அதுவும் சீக்கிரம் கொறஞ்சுடும். சன்னலைத் தொறந்து வைங்க" என்றேன். மாமியார் உடனே ஒன்றும் நம்பவில்லை. பிள்ளையைப் பரிசோதித்து, நோய் இல்லை என்று உறுதியாகி, தடுப்பு மருந்து தொடங்கிய பிறகுதான் மருமகள் பையைக் கீழே வைத்தார்.

*

அக்கா, நான் டிபிக்கு மாத்திரை சாப்பிட்டவன். தொடங்கிய மறுநாளே சிறுநீர் செக்கச்செவேல் என்று ஆரஞ்சு நிறத்தில் போனது. ரத்தம் என்றே நினைத்தேன். மாத்திரை கொடுத்த இடத்தில் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம்தான், பயப்படாதே என்று மருந்துக்கடை அண்ணன் சொன்ன பிறகுதான் சோறு இறங்கியது. கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ உடனே டாக்டரிடம் போகச் சொன்னதும் அவர்தான். இதை முதல் நாளே சொல்ல ஒரு நிமிடம் போதுமே!

*

தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. நான் இப்போது மாத்திரை அட்டையைக் கையில் கொடுக்கும்போதே நிறத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் சாப்பாடு. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வில், நோயாளிக்கு உணவுப் பொருள் கொடுத்ததோடு, குடும்பத்தினருக்கும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு கொடுத்தார்கள். குடும்பத்தில் புதிதாக டிபி வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. அரசிடமிருந்து சாப்பாட்டுக்கென்று நோயாளிக்கு மட்டும் மாதம் 500 ரூபாய் வந்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000. ஒரே உலையில் வேகிற சோற்றை ஒருவருக்கு மட்டும் எப்படிப் பிரிப்பது? குடும்பத்துக்கே கொடுக்க வேண்டும்.

தனியாரில் சிகிச்சை எடுப்பவர்களுக்கும் இந்தப் பணம் உண்டு, அரசின் காசநோய்ப் பதிவுத் தளமான நிக்ஷயில் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். அப்படி எடுத்தவர்கள் இங்கே இருந்தால், உங்களுக்குக் கிடைத்ததா என்று எழுதுங்கள்.