சேர்(62) என்று ஒன்றுதான் கொடுத்தேன், 'இரண்டு கொடுத்தாய்' என்கிறது பைத்தான்: உதவுங்கள்

செம்பனை_பையன்:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அப்பா மண்டோர், அதாவது ஆட்களின் மேற்பார்வையாளர். யார் எத்தனை குலை வெட்டினார் என்று பகலில் எழுதிவைத்து, ராத்திரி சாப்பிட்ட பிறகு கூட்டுவார். அதைப் பைத்தான் என்ற நிரல் மொழியில் செய்து கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று நாளாகிறது, அப்பா இன்னும் புத்தகத்தில்தான் கூட்டுகிறார்.

போனில் தட்டுவதால் கட்டளைச் சொற்களையும் தமிழிலேயே போடுகிறேன். லேப்டாப்பில் அவை முறைப்படி ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. கிளாஸ் என்பது ஒவ்வோர் ஆளையும் வார்க்கும் அச்சு, டெஃப் அதற்கு ஒரு செயலை எழுதும் சொல், [] வெற்று லிஸ்ட் (பட்டியல்), அப்பெண்ட் அதன் கடைசியில் சேர்ப்பது.

கிளாஸ் தொழிலாளி:
    குலைகள் = []
    டெஃப் சேர்(எண்):
        குலைகள்.அப்பெண்ட்(எண்)

ஆள்1 = தொழிலாளி()
ஆள்1.சேர்(62)

ஓட்டினால் டைப்எரர் என்ற பிழைச் செய்தி வருகிறது. சேர் 1 ஆர்கியுமெண்ட்தான் (அடைப்புக்குறிக்குள் கொடுக்கும் மதிப்பு) வாங்குமாம், நான் 2 கொடுத்தேனாம். பெயர்களைத் தமிழில் வைத்ததுதான் காரணமா?

பழைய_கிராணி:
தமிழ் மேல் பழி போடாதே தம்பி. பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும். கணக்கில் வராத அந்த இன்னொன்று ஆள்1தான். ஆள்1.சேர்(62) என்று நீ கூப்பிட்டால், உள்ளே அது தொழிலாளி.சேர்(ஆள்1, 62) என்று ஆகிறது. யார் பேரில் எழுதுவது என்று மெத்தடுக்கு, அதாவது கிளாஸுக்குள் எழுதிய சேர் போன்ற செயலுக்கு, தெரிய வேண்டாமா? டெஃப் சேர்(செல்ஃப், எண்) என்று மாற்று, செல்ஃப் என்ற இடத்தில் அந்த ஆள் வந்து உட்காரும். உள்ளேயும் செல்ஃப்.குலைகள் என்று எழுது, இல்லாவிட்டால் அடுத்து குலைகள் என்ற பெயரே தெரியாது என்று நேம்எரர் வரும்.

ஜாவா_மாமா:
ஜாவா மொழியில் இந்தத் தொல்லை இல்லை. 'வந்தேன்' என்றாலே 'நான்' விகுதியில் இருக்கிறதல்லவா, செல்ஃபுக்கு ஈடான ஜாவாவின் திஸ் அப்படி. பைத்தான் ஒவ்வொரு தடவையும் 'நான்' என்று வாய்விட்டுச் சொல்ல வைக்கும். இந்தப் பழக்கம் மாடுலா-3 மொழியிலிருந்து வந்தது. செல்ஃப் ஒரு கட்டளைச் சொல்லும் இல்லை, 'தான்' என்று வைத்தாலும் ஓடும்.

பழைய_கிராணி:
ஓடும். ஆனால் வைக்காதே. உன் நிரலைத் திறப்பவர் கண் செல்ஃபைத்தான் தேடும்.

செம்பனை_பையன்:
எரர் போய்விட்டது, நன்றி அண்ணே. மொத்தம் என்று இன்னொரு மெத்தட் எழுதினேன். பிரிண்ட்(ஆள்1.மொத்தம்) போட்டதும் 'பௌண்ட் மெத்தட்' என்று நீளமாக ஏதோ வந்தது. பின்னால் அடைப்புக்குறி விட்டுப்போயிருந்தது, அது என் மறதி.

இப்போது வேறு தலைவலி. மூன்று பேருக்கு 62, 48, 77 என்று சேர்த்தேன். மூவருக்கும் 187 காட்டுகிறது! அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் சமமா வெட்டினா எனக்கென்ன வேலை" என்று சிரிக்கிறார். விநோதம் என்னவென்றால், லிஸ்ட் இல்லாமல் கிளாஸுக்குள் தொகை = 0 வைத்து, செல்ஃப்.தொகை = செல்ஃப்.தொகை + எண் என்று எழுதினால் ஒழுங்காகப் பிரிகிறது.

பழைய_கிராணி:
நல்ல இடத்தில் மாட்டியிருக்கிறாய். நானும் ஒரு முழு ராத்திரி இதில் விழித்திருக்கிறேன்.

குலைகள் = [] என்ற வரி கிளாஸுடையது, ஒரே ஒரு தடவைதான் ஓடும். அப்பாவின் புத்தகத்தில் மூன்று பேருக்கும் ஒரே பக்கம் ஒதுக்கியது மாதிரி. செல்ஃப்.குலைகள் என்று கேட்டால் பைத்தான் முதலில் அந்த ஆளிடம் தேடும், அங்கே இல்லையென்றால் கிளாஸிடம் போகும். அப்பெண்ட் புதுப் பக்கம் திறக்காது, கிடைத்த பக்கத்திலேயே எழுதும். அதனால்தான் 187.

தொகையில் நடப்பது வேறு. சமக்குறிக்கு வலப்புறம் கிளாஸின் 0 வாசிக்கப்படுகிறது. இடப்புறம் செல்ஃப்.தொகை இருப்பதால் விடை அந்த ஆளின் பேரிலேயே புதிதாகப் பதிகிறது. அடுத்த தடவை கிளாஸிடம் போக வேண்டியதில்லை.

கிளாஸுக்குக் கீழே உள்ள லிஸ்ட் வரியை எடுத்துவிட்டு இப்படி எழுது:

    டெஃப் __இனிட்__(செல்ஃப், பெயர்):
        செல்ஃப்.பெயர் = பெயர்
        செல்ஃப்.குலைகள் = []

இருபுறமும் இரண்டிரண்டு அடிக்கோடு. ஆள்1 = தொழிலாளி("முதல் ஆள்") என்று ஒவ்வோர் ஆளை உண்டாக்கும்போதும் இது ஓடும், புதுப் பக்கம் கிடைக்கும். குறுக்குவழி என்று குலைகள்=[] என்பதை இனிட்டின் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடாதே. அந்த லிஸ்டும் டெஃப் வரி ஓடும்போது ஒரே தடவைதான் உருவாகும், மறுபடி 187தான்.

செம்பனை_பையன்:
62, 48, 77. வந்துவிட்டது! அப்பா புத்தகத்தோடு ஒத்துப்பார்த்துவிட்டு, உதிரிப் பழத்துக்கும் கணக்கு வேண்டும் என்கிறார். அதற்கு இன்னொரு கிளாஸ் எழுத வேண்டுமா?

பழைய_கிராணி:
வேண்டாம், இனிட்டில் இன்னொரு லிஸ்டும் அதற்கு ஒரு மெத்தடும் போதும். உதிரி கிலோவில் வரும், குலை லிஸ்டில் கலந்துவிடாதே.