ஐஸ்பெட்டிச் சத்தத்தில் போன பாட்டியின் வசனம்

கல்லூரிக் குறும்படத்துக்கு எந்த கேமராவை வாடகைக்கு எடுக்கலாம் என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், பதில் அதிலேயே இருக்கிறது.

இறுதியாண்டுப் படம், 12 நிமிடம். பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், லெபு குயின் தெருப் பக்கம் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் மூன்று நாள் படப்பிடிப்பு. கையில் இருந்தது 1,500 ரிங்கிட். அதில் பெரும்பகுதி பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே கேமராவுக்கும் இரண்டு லென்சுக்கும் போனது. மீதியில் ஓர் எல்இடி விளக்கு. ஒலிக்கு, கேமரா தலையில் மாட்டும் சின்ன மைக் ஒன்றை நண்பனிடம் இரவல் வாங்கினேன்.

பாட்டியாக நடித்தவர் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், இருக்கும் ஓர் அம்மா. அதுவரை நடித்ததே இல்லை. பேரன் கோலாலம்பூருக்கு வேலைக்குக் கிளம்பும் காட்சி. “நீ போயிட்டா இந்த வீட்டுல ரேடியோ மட்டும்தாண்டா பேசும்” என்று அவர் சொன்னதும் கிளாப் அடித்த பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஒரே டேக். இரவு ஹெட்போன் மாட்டிக் கேட்டால், ஐஸ்பெட்டி உறுமுகிறது, மேலே காற்றாடி சுற்றுகிறது, கீழே மோட்டார் சைக்கிள்கள். அந்த அம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. மைக் அவரிடமிருந்து எட்டு அடி தள்ளி இருந்தது. உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த மாதம் மறுபடி எடுத்தோம். கேமரா கல்லூரியில் கிடைத்த சாதாரண மிரர்லெஸ். கடன் வாங்கிய காசு முழுக்க பூம் கம்பு, மைக், தனி ரெக்கார்டர் என்று போனது. மைக்கை அவர் தலைக்கு மேலே, ஃபிரேமுக்குச் சற்று வெளியே, இரண்டு அடியில் பிடித்தோம். தூரம் பாதியானால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். அறையின் இரைச்சல் அப்படியே நிற்கும். எட்டு அடி இரண்டானால் 12 டெசிபல். சின்ன அறைக்கு ஷாட்கன் எனும் நீளக் குழாய் மைக் வேண்டாம், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியை அது சரியாகத் தடுக்காது. முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் குட்டையான ஹைப்பர்கார்டியாய்டு மைக் இருக்கிறதா என்று கேளுங்கள். ரெக்கார்டரை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வைத்து, குரலின் உச்சம் மீட்டரில் மைனஸ் 12 டெசிபல் பக்கம் வரும்படி வைத்தால் போதும்.

கடைக்குப் போய் வாடகை பேசுவதற்கு முன்னால், படம் எடுக்கப்போகும் அதே நேரத்தில் அந்த இடத்தில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து கேளுங்கள். எங்கள் மாடிக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பாங்கும் மகாமாரியம்மன் கோயில் மணியும் கேட்கும். அந்த நேரங்களில் வசனம் இல்லாத ஷாட்டுகளை வைத்துக்கொண்டோம். ஐஸ்பெட்டியை நிறுத்தினால் கார் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். திரும்பப் போடாமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாது, வீட்டுக்காரரின் மீனும் கெடாது.

விளக்கில் ஒன்று மட்டும் சொல்கிறேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமரா, 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான என்டிஎஸ்சி முறையில் 1/60 விநாடி ஷட்டரில் இருந்தால் குழல்விளக்கின் கீழே படத்தில் பட்டை பட்டையாக ஓடலாம். கேமரா மெனுவில் 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான ‘பால்’ (PAL) முறைக்கு மாற்றி விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வையுங்கள். எங்களுக்கு ஒரு 60 வாட் எல்இடி, வெள்ளை மணிலா அட்டை, ஜன்னல் வெளிச்சம் இவையே போதுமாக இருந்தன. அந்த விளக்குக்கும் உள்ளே விசிறி உண்டு, அதையும் மைக் வழியாகக் கேட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள்.

* * *

அண்ணா, நாங்கள் எடுத்தது பிரிக்பீல்ட்ஸ், துன் சம்பந்தன் சாலையோரம். மோனோரயில் போகும்போதெல்லாம் காத்திருந்தோம், சரி. ஆனால் வசனங்களுக்கு நடுவே நிரப்ப, யாரும் பேசாத அறையின் ஒலியை 30 விநாடி பதிவு செய்ய மறந்துவிட்டோம். எடிட்டிங்கில் ஒவ்வொரு வெட்டிலும் ஓட்டை விழுந்த மாதிரி கேட்டது. இன்னொன்று, ஏர்கோன் அறையிலிருந்து லென்சை நேராக வெளியே எடுத்துப்போனதில் ஆவி படிந்து ஒரு காலை வீண். இப்போதெல்லாம் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியில் வைத்துவிடுகிறோம்.

அந்த அம்மா இரண்டாவது தடவை எப்படிச் சொன்னார்?

* * *

நன்றாகத்தான் சொன்னார் தங்கச்சி. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறது, படத்தில் இருப்பதும் அதுதான். முதல் தடவை ‘ரேடியோ’ என்ற இடத்தில் குரல் உடைந்தது, அது மட்டும் வரவில்லை. அந்தப் பழைய டேக்கை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.