மெல்பேர்ண்: வரைபடம் பதிவாகாத காணியும் 36,000 டொலர் முற்பணமும்

டார்னீற்வாசி: 2022 தொடக்கத்தில் மெல்ற்றன் பக்கம், புல் மட்டுமே நின்ற ஓர் இடத்தில், நிலத்தைத் துண்டுகளாகப் பிரிக்கும், இன்னும் அரசிடம் பதிவாகாத வரைபடத்தைப் பார்த்து 360,000 டொலருக்கு ஒரு காணி வாங்க ஒப்பமிட்டு, 10 வீதத்தை முற்பணமாகக் கட்டினோம். அப்போது மத்திய வங்கியின் வட்டி 0.10 வீதம்; 2023 நவம்பரில் அது 4.35 வீதமாயிற்று. வங்கி முன்பு சொன்ன தொகையை இப்போது தராது. ஒப்பந்தத்தில் வரைபடப் பதிவுக்கு விதித்திருந்த 36 மாதமும், அதாவது சன்செற் திகதியும், கடந்துவிட்டது. காணியைப் பிரித்து விற்கும் டிவெலப்பரோ, சில வாரங்களில் பதிவாகிவிடும் என்று சொல்லி, திகதியை நீட்டும் கடிதம் ஒன்றில் ஒப்பம் கேட்கிறார். விலகி, முற்பணத்தைக் கேட்கலாமா?

கணக்கப்பிள்ளை: சட்டம் இடங்கொடுக்கலாம், எனக்கு இது நியாயமாகப் படவில்லை. 2019இல் நம் விக்ரோரியா மாநிலத்தில் சட்டத்தைத் திருத்தி, வாங்குபவரின் எழுத்துமூலச் சம்மதமோ உச்ச நீதிமன்ற உத்தரவோ இல்லாமல், சன்செற் திகதியைச் சாட்டாக வைத்து விற்பவர் ஒப்பந்தத்தை முறிக்க முடியாதபடி செய்தார்கள். விலை ஏறிய காலத்தில் அந்தப் பாதுகாப்பை நாம்தான் கேட்டோம். ஏறினால் காணி எனக்கு, இறங்கினால் பணம் எனக்கு என்பது என்ன கணக்கு? இப்படிப் பத்துப் பேர் விலகினால், முன்விற்பனையை நம்பிக் கடன் கொடுத்த வங்கி டிவெலப்பரின் கழுத்தைப் பிடிக்கும். காத்திருக்கும் மற்றக் குடும்பங்களும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

காணிக்கந்தோர்: அண்ணா, இரண்டு பக்கமும் ஒரே அளவு அதிகாரம் இருந்தால்தான் உங்கள் கணக்குச் சரிவரும். வீதி போடுவதும், சபையின் அனுமதி பெறுவதும், பதிவுக்குக் கொடுப்பதும் விற்பவரின் கையில் உள்ளவை. தாமதம் வாங்குபவரால் வருவதில்லை. ஒப்பந்தத்தில் வேறு காலம் குறிப்பிடாவிட்டால் வரைபடம் பதிவாக 18 மாதம் என்று 1962ஆம் ஆண்டின் காணி விற்பனைச் சட்டமே சொல்லியிருக்க, 36 மாதம் என்று எழுதிக்கொண்டவரும் விற்பவர்தான். அதுவும் கடந்த பிறகு விலகுகிறவரிடம் சட்டம் காரணம் கேட்பதில்லை.

டார்னீற்வாசி கவனிக்க வேண்டியது வேறொன்று. விலகும் இந்த உரிமை, வரைபடம் பதிவாகும் வரைக்கும்தான். நீங்கள் இங்கே விவாதித்துக்கொண்டிருக்கும்போது நாளைக் காலை அது பதிவாகிவிட்டால் உரிமை போய்விடும். பிறகு பெரும்பாலும் 14 நாளில் முழுப் பணத்தோடு செற்றில்மென்றுக்கு, அதாவது மிச்சப் பணத்தைக் கட்டிக் காணியைப் பொறுப்பேற்க, நிற்க வேண்டும். நீட்டிப்புக் கடிதத்தில் ஒப்பமிட்டாலும் இந்த வாய்ப்பை நீங்களே கைவிட்டவராகலாம். இன்றைக்கே சட்டத்தரணி மூலம் எழுத்தில் முறிவு அறிவித்தல் கொடுங்கள். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது.

கணக்கப்பிள்ளை: முற்பணத்தை டிவெலப்பர் வேலைக்குச் செலவழித்திருந்தால்?

காணிக்கந்தோர்: பதிவு வரைக்கும் அது சட்டத்தரணி, கன்வேயன்சர் (காணி கைமாற்றும் பத்திர வேலை செய்பவர்) அல்லது முகவரின் ட்ரஸ்ற் கணக்கில், அதாவது பிறர் பணத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் கணக்கில், இருக்க வேண்டும், விற்பவர் தொட முடியாது. அப்படித் தொட்டிருந்தால், அவருக்கு இரக்கப்பட வேண்டிய அவசியம் இன்னும் குறைவு.

புதுவீடு: என் ஒப்பந்தத்தில் அந்தத் திகதிக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. எனக்கும் வங்கி கைவிரித்துவிட்டது.

காணிக்கந்தோர்: உங்களுடைய நிலை கடினமானது. விலகுவதற்கான மூன்று வேலை நாள் அவகாசம் எப்போதோ முடிந்திருக்கும். பணம் கட்டத் தவறினால், வழக்கமான நிபந்தனைகளின்படி முற்பணம் போவதோடு, ஒரு வருடத்துக்குள் விற்பவர் காணியை வேறொருவருக்குக் குறைந்த விலைக்கு விற்றால் அந்த நட்டத்தையும் உங்களிடம் கேட்கலாம். முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும், அதை நம்பி வழக்குக்குப் போவது செலவு. உங்களுக்குப் பதிலாக வேறொருவரை வாங்குபவராக நியமிக்க ஒப்பந்தம் இடங்கொடுக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அப்படி நியமிக்கும்போது, இடையில் காணியில் வேலை நடந்திருந்தால் முத்திரை வரி இரண்டு தடவை விழக்கூடும். வரைபடம் மாற்றப்பட்டதாகக் கடிதம் ஏதும் வந்ததா? மாற்றம் உங்கள் காணியைக் கணிசமாகப் பாதிக்குமென்றால், அறிவித்ததிலிருந்து 14 நாளுக்குள் நீங்கள் விலகலாம்.

புதுவீடு: போன கிழமை ஒன்று வந்தது. பின்பக்கத்தில் வடிகாலுக்கென ஒதுக்கிய நிலப்பகுதி (easement) அகலமாகியிருக்கிறது. படித்துவிட்டு வைத்துவிட்டேன்.

காணிக்கந்தோர்: அந்தக் கடிதத்தின் திகதியையும், பழைய வரைபடத்தில் அந்த அகலம் எத்தனை மீற்றர் என்பதையும் உடனே உங்கள் சட்டத்தரணிக்கு அனுப்புங்கள்.