ஏழு மாதமாக விடாத குதிகால் வலி, ஊசி போட்டுக்கொள்ளலாமா?

சாக்பீஸ்:
வலது குதிகாலில் 7 மாதமாக வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் ஆணியை மிதித்தது போல இருக்கிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு விரல் நுனியிலேயே குளியலறை வரை போகிறேன். கொஞ்ச தூரம் நடந்தபின் தளர்கிறது. நாள் முழுக்க நின்றுகொண்டு பாடம் நடத்தும் வேலை. மாலையில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடி அதே கதை, இப்போது உள்ளங்கால் குழி வரை இழுக்கிறது. எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பில் முள் வளர்ந்திருக்கிறது என்றார்கள், அதைக் கேட்டதிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் அந்த முள் குத்துவதாகவே தோன்றுகிறது. ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? முள்ளை அறுத்து எடுக்க வேண்டி வருமா?

பழைய நோயாளி:
டீச்சர், முதலில் அந்த முள்ளை மறந்துவிடுங்கள். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு எக்ஸ்ரே எடுத்தால் முள் தெரியும். எனக்கு வலி போய் 2 வருடம் ஆகிறது, முள் அங்கேயேதான் இருக்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பிளான்டார் ஃபேசியைட்டிஸ், அதாவது உள்ளங்கால் நார்ப்பட்டையில் வரும் வலி மாதிரிதான் இருக்கிறது. குதிகாலிலிருந்து விரல்களின் அடி வரை ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது, பாத வளைவைத் தாங்குவது அதுதான். தூங்கும்போது பாதம் கீழ்நோக்கி நீண்டு கிடப்பதால் பட்டை தளர்ந்து சுருங்கியே இருக்கும், காலையில் முழு எடையையும் திடீரென அதன்மேல் ஏற்றினால் கத்தாமல் என்ன செய்யும்?

ஊசி நான் போட்டேன். 6 வாரம் ராஜா மாதிரி நடந்தேன், வலிதான் போய்விட்டதே என்று பயிற்சி எதுவும் செய்யவில்லை, மூன்றாம் மாதம் பழையபடி சுவரைப் பிடித்தேன். இன்னொன்று கேட்டபோது டாக்டர் மறுத்துவிட்டார். அந்த ஊசியில் இருக்கும் ஸ்டீராய்டு மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலின் கொழுப்பு மெத்தை தேயலாம், அபூர்வமாகப் பட்டையே அறுந்துவிடவும் கூடும் என்றார். முதல் ஊசிக்கு முன்னால் அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை என்பது தனி எரிச்சல்.

ஃபிசியோ 72:
மேலே சொன்னது சரி. ஊசி தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஆகும். கட்டிலிலிருந்து இறங்கும் முன் வலிக்கிற காலை மற்ற முழங்கால் மேல் போட்டு, கையால் விரல்களைப் பிடித்து முழங்கால் பக்கம் மேலே வளையுங்கள். மற்ற கையால் உள்ளங்காலைத் தடவினால் பட்டை வீணைத் தந்தி போல விறைத்து நிற்பது தெரிய வேண்டும், தெரியாவிட்டால் இன்னும் இழுக்க வேண்டும். 10 நொடி பிடித்து விடுங்கள், 10 தடவை, இப்படி ஒரு நாளைக்கு 3 வேளை. உட்கார்ந்துவிட்டு எழும் முன்பும் செய்யலாம். கெண்டைக்கால் இறுகியிருந்தால் அதுவும் பட்டையை இழுக்கும், ஆகவே சுவரில் கைவைத்து ஒரு காலைப் பின்னால் நீட்டி 30 நொடி நில்லுங்கள்.

பலரும் விட்டுவிடுவது பலப்படுத்தும் பயிற்சியை. படிக்கட்டின் ஓரத்தில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, விரல்கள் அதன்மேல் மடிந்து நிற்கும்படி ஏறி, குதிகாலை 3 நொடியில் உயர்த்தி, 2 நொடி நிறுத்தி, 3 நொடியில் இறக்குங்கள். ஒரு காலால் முடியாவிட்டால் இரண்டு காலாலும். 12 தடவை, 3 சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். எளிதானபின் முதுகுப்பையில் புத்தகங்களை அடுக்கி மாட்டிக்கொள்ளுங்கள், உங்களிடம் புத்தகத்துக்கா பஞ்சம். டென்மார்க்கில் 48 பேரை வைத்துச் செய்த ஆய்வில் 3 மாத முடிவில் வெறும் நீட்டல் பயிற்சியைவிட இது நன்றாக உதவியது, ஒரு வருடத்தில் இரு குழுவும் ஒரே நிலைக்கு வந்துவிட்டது.

நடராஜா சர்வீஸ்:
வீட்டுக்குள் வெறுங்காலோடு கடினமான தரையில் நடப்பதை நிறுத்துங்கள், எனக்குப் பாதி வலி அதில் போனது. பாத அளவெடுத்துச் செய்த இன்சோலுக்கும் (ஷூவுக்குள் வைக்கும் மெத்தை) கடையில் கிடைக்கும் சாதாரண இன்சோலுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை, சாதாரணத்திலேயே ஆரம்பியுங்கள். மாலையில் தண்ணீரை உறைய வைத்த பாட்டிலை உள்ளங்காலில் உருட்டினால் சுகமாக இருக்கும், சுகம்தான், வைத்தியம் என்று சொல்ல மாட்டேன்.

சாக்பீஸ்:
எல்லாருக்கும் நன்றி. இது வேறு ஏதாவதாக இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? அப்புறம், துண்டுப் பயிற்சி செய்யும்போது வலித்தால் நிறுத்திவிட வேண்டுமா?

ஃபிசியோ 72:
குதிகாலை இரு பக்கமும் அழுத்திப் பிடித்தால் கடுமையாக வலிக்கிறதா, எரிச்சலும் மரத்துப்போவதும் இருக்கிறதா, இரவில் படுத்திருக்கும்போதே வலிக்கிறதா, இரண்டு குதிகாலும் வலித்து காலையில் முதுகும் வெகுநேரம் விறைத்திருக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் டாக்டரைப் பாருங்கள், எலும்பில் விரிசல், நரம்பு அழுத்தம், மூட்டு வாதம் எல்லாம் இப்படிக் காட்டலாம். சர்க்கரை நோய் இருந்தால் முதலிலேயே போய்விடுங்கள்.

பயிற்சியின்போது தாங்கக்கூடிய வலி பரவாயில்லை. மறுநாள் காலை அந்த முதல் அடியைக் கவனியுங்கள், வழக்கத்தைவிட மோசமாக இருந்தால் முந்தின நாள் கூடிப்போனது என்று அர்த்தம், ஒரு சுற்றைக் குறையுங்கள். முதல் மாதம் ஒன்றும் தெரியாமல் போகலாம், அப்போதுதான் நிறைய பேர் விட்டுவிட்டு ஊசி கேட்டு வருகிறார்கள்.