இன்டர்வியூ அறைக்குள் நுழைந்த முதல் சில நிமிடங்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

காவிரிக்கரை

ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனம், பெயர் வேண்டாம். டெக்னிக்கல் ரவுண்டு தாண்டி எச்.ஆர். ரவுண்டு. உள்ளே மூன்று பேர். வணக்கம் சொல்லி உட்கார்ந்தேன். நடுவில் இருந்தவர் என் ரெஸ்யூமேயின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். பள்ளிக்கூடம் அங்கேதான் வரும்: அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி, தமிழ் வழி. அந்த வரியில் விரலை வைத்துப் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். பிறகு என்னைப் பார்த்து, சின்னப் பிள்ளையிடம் பேசுவது போல நிறுத்தி நிறுத்தி, "பயப்படாதீங்கம்மா, தமிழ்லயே சொல்லுங்க" என்றார்.

எனக்குப் பயமே இல்லை. ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னேன். அடுத்த கேள்வியையும் தமிழில் கேட்டார். கடைசி வரை அவர் தமிழ், நான் ஆங்கிலம். என் ப்ராஜெக்ட் பற்றி ஒரு கேள்வி இல்லை. அப்பா என்ன செய்கிறார், சென்னையில் தனியாகத் தங்கிக்கொள்வாயா, இதுதான் பேச்சு. என்னோடு வந்திருந்த மற்ற யாரிடமும் அவர் தமிழில் பேசவில்லை என்பது வெளியே வந்து விசாரித்த பிறகு தெரிந்தது. அந்த வேலை கிடைக்கவில்லை, வேறு இடத்தில் கிடைத்துவிட்டது, அது பரவாயில்லை. அந்த விரல்தான் இன்னும் உறுத்துகிறது. வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

தேரிக்காட்டான்

எனக்கு டெல்லி தோல்பூர் ஹவுஸில், அதாவது யூ.பி.எஸ்.சி. அலுவலகத்தில், ஐ.ஏ.எஸ். போன்ற பணிகளுக்கான பேட்டி. மொத்த மதிப்பெண் 2025, அதில் 275 அந்த அறையில் கிடைப்பது. மெயின்ஸ் எழுத்துத் தேர்வில் நாம் எவ்வளவு வாங்கினோம் என்பது போர்டுக்குத் தெரியாது, அதனால் ஒரு தெம்போடு உள்ளே போனேன். தமிழில் பேட்டி கேட்டிருந்தேன், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர்.

பனைத் தொழில் பற்றி முதல் கேள்வி. எங்கள் ஊர் வேலை, கையாலேயே பாளை சீவுவதைக் காட்டி விளக்கினேன். நான் பேசிக்கொண்டிருக்கிறேன், சேர்மன் உட்பட எல்லோரும் மொழிபெயர்ப்பாளரின் முகத்தையே பார்க்கிறார்கள். அவரோ தலை குனிந்து குறிப்பு எடுக்கிறார். என் கை என்ன செய்கிறது என்று பார்க்க ஆளில்லை. ஓரத்தில் இருந்த ஓர் அம்மா மட்டும் என்னைப் பார்த்தார். பார்த்தவர், தன் கையையும் தூக்கி அதே மாதிரி சீவிக் காட்டி, சரியா என்பது போலத் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு நான் அந்த அம்மாவுக்குத்தான் பதில் சொன்னேன்.

ஓய்வுபெற்ற மேலாளர்

முதல் பதிவு போட்ட பெண்ணோடு எனக்கு உடன்பாடு இல்லை. பொதுத்துறை வங்கியில் இருந்தவன், பேனலில் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். "தமிழிலேயே சொல்லுங்கள்" என்று நானும் சொல்லியிருக்கிறேன். கிராமத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் திக்குவதைப் பார்க்க மனசு கேட்காது. அதை அவமதிப்பு என்று எடுத்துக்கொள்வது சரியில்லை அம்மா.

என் மனதில் நிற்பது வேறு. ஒரு பையன், மடிப்புக் கலையாத சட்டை, நல்ல பேச்சு. சான்றிதழ் சரிபார்க்கும் மேசையிலேயே நின்றுவிட்டான். கையில் இருந்தது தாசில்தார் கொடுத்த பி.சி. சான்றிதழ், மாநில வேலைக்கு உள்ளது. வங்கிக்கு வேண்டியது மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ், கிரீமி லேயரில், அதாவது வசதியான பிரிவில், இல்லை என்ற வாசகத்தோடு. முகம் அப்படியே வெளுத்துப் போனது.

அதனால் பிள்ளைகள் கேட்டுக்கொள்ளுங்கள். எம்.பி.சி.யாக இருந்தாலும் மத்திய வேலைக்கு ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், ரிசல்ட் வரும் வரை காத்திருக்க வேண்டாம். அழைப்புக் கடிதத்தில் என்ன தேதி வரம்பு போட்டிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரும் இன்ஷியலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஃபைலில் எல்லாம் கேட்கும் வரிசையில் இருக்கட்டும், ஜெராக்ஸ் தனி. ஐ.பி.பி.எஸ். நடத்தும் பி.ஓ. (வங்கி அதிகாரி) தேர்வில் இன்டர்வியூவுக்கு 100 மதிப்பெண், இறுதிக் கணக்கில் மெயின்ஸுக்கு 80, இன்டர்வியூவுக்கு 20 என்ற விகிதம், பிரிலிம்ஸ் கணக்கில் வராது. அந்த 20-க்காக நடுங்க வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். உட்காரச் சொன்ன பிறகு உட்காருங்கள். நாற்காலியை இழுக்காமல் தூக்கி நகர்த்துங்கள். செண்ட் வேண்டவே வேண்டாம், மூடிய ஏசி அறையில் தலைவலி வரும்.

பின்னலாடை எச்.ஆர்.

மேலாளர் சார், அக்கறை என்றால் எல்லோருக்கும் அதே அக்கறை இருக்க வேண்டும் அல்லவா? அவர் ஒருத்தியிடம் மட்டும் தமிழுக்கு மாறினார், அதுவும் அவள் வாய் திறப்பதற்கு முன்பே. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வில்லிஸ், டோடரோவ் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே அவர் நம்பகமானவரா, திறமையானவரா என்று பார்ப்பவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். கூடுதல் நேரம் கொடுத்தால் அந்த முடிவு பெரிதாக மாறுவதில்லை, அதில் உறுதிதான் கூடுகிறது. இதெல்லாம் எனக்கும் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

திருப்பூரில் நாங்கள் இப்போது எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்கிறோம். பேனலுக்குப் போகும் ரெஸ்யூமே நகலில் ஊர், பள்ளி, அப்பா பெயர் கிடையாது. முதல் வாரமே ஒரு மூத்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பையன் எந்த ஊர்க்காரன்னு தெரியாம எப்படிம்மா பேச்சை ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார். உண்மையாகவே தவித்துப்போய்க் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை விடுவதில்லை.

செவிலி

எனக்கு நல்லது நடந்தது, அதையும் எழுதி வைக்கிறேன். தனியார் மருத்துவமனை இன்டர்வியூ, ஐப்பசி மழை, பஸ் ஸ்டாண்டிலிருந்து போவதற்குள் சேலை முழங்கால் வரை நனைந்துவிட்டது. உள்ளே போனதும் பேனலில் இருந்த நர்சிங் சூப்பரிண்டெண்ட் அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து ஏசியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகுதான் பெயர் கேட்டார். சம்பளம் குறைவுதான். அவருக்காகவே அந்த வேலையில் சேர்ந்தேன்.

காவிரிக்கரை

மேலாளர் ஐயா, நான் திக்கவில்லை. திக்கியிருந்தால் நீங்கள் சொல்வது நியாயம். "எந்த மொழியில் பேசலாம்?" என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஓ.பி.சி. விஷயம் என் தம்பிக்கு உதவும், அதற்கு நன்றி.

தேரிக்காட்டான் அண்ணா, அப்புறம் என்ன ஆயிற்று?

தேரிக்காட்டான்

அந்த வருடம் பட்டியலில் பெயர் வரவில்லை தங்கச்சி. இப்போது மாநில அரசுப் பணியில் இருக்கிறேன். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 2010 சட்டப்படி இருக்கும் 20 சதவீத முன்னுரிமையில் வந்தேன். உங்கள் ரெஸ்யூமேயில் அவர் விரல் வைத்தாரே, அந்த வரியை எங்கேயும் எடுத்துவிடாதீர்கள்.